முப்பதுக்கு இருபத்தொன்பது

கட்டட வேலைக்காரர்கள் மத்தியில் என் அக்கா வீட்டுக்காரருக்கு ‘மெயின்வால்வு’ என்று பெயர். பிளம்பர். இருபத்திரண்டு வருடத் தொழில். எந்த வீட்டுக்கு வேலைக்குப் போனாலும், தோளில் கிடக்கும் பையை இறக்கி வைப்பதற்கு முன்பே கேட்டுவிடுவார்: “மெயின் வால்வ மூடியாச்சா?” அடுத்து அந்த வீட்டுப் பெண்களைப் பார்த்து, “ரெண்டு வாளி புடிச்சு வெச்சுக்குங்கம்மா, அப்புறம் என்னைத் திட்டக் கூடாது” என்பார். இந்த இரண்டும் ஆன பிறகுதான் ரெஞ்சு வெளியே வரும். கூட வேலை செய்கிறவன் எவனாவது வால்வை மூடாமல் குழாயைக் கழற்றிவிட்டால் தீர்ந்தது. “மெயின் வால்வ மூடாம எவன்டா கை வெச்சது?” என்று அவர் போடும் சத்தம் மூன்று மாடிக்குக் கேட்கும். மற்றபடி கோபம் என்பதே தெரியாத மனிதர். பெயரைக் கிண்டலுக்குத்தான் வைத்தார்கள். அவர் அதை விசிட்டிங் கார்டிலேயே அச்சடித்துக்கொண்டார்.

அவர் விழுந்த கதை இரண்டு வரியில் முடிந்துவிடும். ஐந்து மாடிக் கட்டடத்தில் ஈரத் தரையில் ஏணியை நிறுத்தி ஏறியிருக்கிறார், ஏணி வழுக்கிவிட்டது. பின்மண்டை படிக்கட்டு விளிம்பில் பட்டது. அடி விழுந்தது பின்னால், கசங்கியது மூளையின் முன்பக்கம் என்றார் டாக்டர். பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். கண் விழித்தார், அக்காவைப் பார்த்தார், தண்ணீர் கேட்டார். கை ஆடியது, கால் நடந்தது, பேச்சு வந்தது. “உயிரக் காப்பாத்திட்டோம். இனி வீட்டுல நல்லா பாத்துக்குங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

எதைப் பார்த்துக்கொள்வது, எப்படிப் பார்த்துக்கொள்வது என்று யாரும் சொல்லவில்லை. கையில் நான்கு பக்கக் காகிதம் கொடுத்தார்கள். எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின், தையல் பிரிக்க என்று வர வேண்டும், எல்லாம் அதில் இருந்தது. மூளை அடிபட்ட மனிதர் வீட்டில் எப்படி இருப்பார் என்பதற்கு ஒரு வரி இல்லை. ஒரு மிக்ஸி வாங்கினால்கூட இதைவிடப் பெரிய புத்தகம் தருகிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் சொந்தக்காரர்கள் வரிசை கட்டினார்கள். நலம் விசாரிக்க வந்தவர்கள் என்று அவர்களைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அத்தனை பேரும் பரீட்சை வைக்க வந்தவர்கள். கட்டில் முனையில் உட்கார்ந்து, முகத்தை மாமாவின் முகத்துக்கு ஒரு முழம் தூரத்தில் கொண்டுபோய், “நான் யாருன்னு சொல்லு பாப்போம்” என்பார்கள். சரியாகச் சொன்னால் ஏமாற்றத்தோடு டீ குடித்துவிட்டுப் போவார்கள். என் பெரியப்பா மட்டும் ஐந்து முறை வந்து ஐந்து முறையும் கேட்டார். ஐந்தாவது முறை மாமா நிதானமாகச் சொன்னார்:

“நீங்க பெரிய மாமா. நேத்தும் நீங்கதான் வந்தீங்க. நேத்தைக்கும் வாய் நாத்தம் அடிச்சுது.”

விழுவதற்கு முன் மாமா இப்படிப் பேசுகிறவரே இல்லை. மனதில் பட்டதை வாய்க்கு வராமல் தடுக்கிற ஏதோ ஒன்று உள்ளே உடைந்துபோயிருந்தது. சொன்னதில் பொய் இல்லை என்பது வேறு விஷயம். பெரியப்பா அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிட்டார். “இவன் தெளிவாத்தான் இருக்கான். வேலைக்குப் போக உடம்பு வணங்கல, நடிக்கிறான்.” அந்தத் தீர்ப்பு சாயங்காலத்துக்குள் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. நல்ல சேதி எதையும் அவர் அவ்வளவு வேகமாகக் கொண்டுபோய் நான் பார்த்ததில்லை.

அவர் பார்க்காததை அக்கா தினமும் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் மாமா சட்டையில் ஒரு கையை விட்டுக்கொண்டு கட்டிலில் உட்காருவார். அடுத்த கையை விடச் சொல்ல ஆள் வர வேண்டும். வராவிட்டால் பத்து மணிக்கும் ஒரு கை உள்ளே, ஒரு கை வெளியே. அடுப்பைப் பற்றவைத்து வெறும் பாத்திரத்தை ஏற்றிவிட்டு, பால் பாக்கெட்டைக் கையில் பிடித்தபடி அது சூடேறிக் கறுப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அடுத்தது என்ன என்று அவருக்குள் சொல்லிக்கொண்டிருந்த குரல் நின்றுவிட்டது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் தாங்காது, கையில் கிடைத்ததை வீசுவார். ரிமோட் ஒன்று சுவரில் பட்டுச் சிதறியது. ஆனால் கேட்ட கேள்விக்குச் சுத்தமாகப் பதில் சொல்வார். தனக்கு ஒன்றுமே இல்லை என்று உண்மையாகவே நம்பினார். அதுவும் அந்த அடியின் வேலைதான் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது.

அக்கா மருந்துக் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறவள். இருந்த லீவெல்லாம் தீர்ந்தது. இன்னும் ஒரு மாதம்தான் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அவளுக்கு வேலை போகும், அல்லது மாமாவை அடுப்போடு தனியாக வீட்டில் விட்டுவிட்டுப் போக வேண்டும்.

அப்போதுதான், தையல் பிரித்த நர்ஸ் வராந்தாவில் நடந்துகொண்டே ஒன்று சொன்னாள். இந்த மாதிரி மூளையில் அடிபட்டவர்களுக்கென்றே ஒரு மறுவாழ்வு மையம் இருக்கிறதாம். பகலெல்லாம் வைத்துப் பயிற்சி கொடுப்பார்களாம், ஆறு மாதம். ஆஸ்பத்திரியிலிருந்து எட்டு ஸ்டாப். டாக்டரிடம் கேட்டேன். “ஆமா, இருக்கே. போய்ப் பாருங்க” என்றார், புதிதாகத் திறந்த பேக்கரியைப் பற்றிச் சொல்வதுபோல. ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டதற்கு, அது அவர்கள் பிரிவில் வராது என்றார்.

மையத்தில் இருந்தது பன்னிரண்டு இடம். வருடத்துக்கு இரண்டு முறை சேர்க்கை. பதினொரு பக்க விண்ணப்பம். விண்ணப்பம் என்றாலே எங்கள் குடும்பத்தில் அது என்னிடம் வந்துவிடும். நான்தான் எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை. என்னைப் படிக்கவைக்க அக்காவை எட்டாவதோடு நிறுத்தினார்கள் என்பதை மட்டும் மெதுவாகச் சொல்வேன். பதினொரு பக்கத்தையும் அடித்தல் திருத்தல் இல்லாமல் நிரப்பிக் கொடுத்தேன். விண்ணப்பம் சரி, அடுத்து நோயாளிக்கு ஒரு தேர்வு உண்டு, மூன்று வாரம் கழித்து வாருங்கள் என்றார்கள்.

அந்த வாசலுக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில்தான் அந்த ஆளைச் சந்தித்தேன். போன முறை தன் அப்பாவை இங்கே சேர்த்தவர். தேர்வில் என்ன கேட்பார்கள் என்றதும், சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். முப்பது கேள்வி, முப்பது மார்க். வருடக்கணக்கில் ஒரு கேள்வியைக்கூட மாற்றவில்லையாம்.

“உங்கப்பாவுக்கு எவ்வளவு வந்துச்சு?” என்று கேட்டேன்.

“பதினேழு.”

பதினேழுக்கே இடம் கொடுக்கிறார்களா! அப்படியானால் நாம் இருபத்தைந்து எடுத்தால் முதல் இடம் நமக்குத்தான் என்று கணக்குப் போட்டேன். கேள்வித்தாள் முன்கூட்டியே கையில் கிடைத்த மாணவனின் சந்தோஷத்தோடு அதை இரண்டு ஜெராக்ஸ் எடுத்தேன்.

இதைப் படிப்பவர்கள் இந்நேரம் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். அடித்துக்கொள்ளுங்கள். இடம் பன்னிரண்டு, அதற்கு ஒரு பரீட்சை என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு ஆறு வயதிலிருந்தே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். மார்க் எடுத்தவனுக்கு இடம். எடுக்காதவன் மாடு மேய்க்கலாம். பள்ளிக்கூடம், ஹாஸ்டல், கல்லூரி, வேலை என்று எனக்குத் திறந்த கதவெல்லாம் அந்த ஒரு சாவியில் திறந்தவை. தோற்றால் உள்ளே போகலாம் என்று ஒரு கதவு உலகத்தில் இருக்கும் என்பது எனக்கு மட்டுமில்லை, எங்கள் குடும்பத்தில் ஒருவர் மண்டையிலும் உதிக்கவில்லை. பெரியப்பாகூட, “நல்லா தயார் பண்ணு, குடும்ப மானம்” என்றார். மூன்றாம் வகுப்பை மூன்று வருடம் படித்தவர் அவர்.

மூன்று வாரம் டியூஷன் நடந்தது. காலையில் எழுந்ததும் தேதி, கிழமை, மாதம், வருடம். நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்க வேண்டும். கழிக்க வரவில்லை, அதனால் விடைகளை வாய்ப்பாடுபோல மனப்பாடம் செய்யவைத்தேன். தொண்ணூத்தி மூணு, எம்பத்தாறு, எழுவத்தொம்பது, எழுவத்திரண்டு, அறுவத்தஞ்சு. குளிக்கும்போதும் அதைப் பாடிக்கொண்டே குளித்தார். மூன்று சொற்களைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்பார்கள்: சாவி, நாற்காலி, மேகம். அவற்றைக் குளியலறைக் கதவில் எழுதி ஒட்டினேன். இப்போது நீங்கள் இருப்பது எந்த மாடி என்று ஒரு கேள்வி. தேர்வு அறை கீழேதான் என்று விசாரித்துவிட்டு வந்து, “தரைத்தளம்னு சொல்லணும் மாமா” என்று நூறு முறை சொல்லவைத்தேன். ஒரு வாக்கியம் எழுதச் சொல்வார்கள். “நான் நலமாக இருக்கிறேன்” என்பதை அழகான கையெழுத்தில் எழுதப் பழக்கினேன்.

மாமாவும் ஆர்வமாகத்தான் படித்தார். எட்டாம் வகுப்பில் விட்ட பரீட்சையை இப்போது எழுதுகிற உற்சாகம். ஒரு கையைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்தபடியே ஏழேழாகக் கழிப்பார். மற்றொரு கை வெளியே தொங்கும். அதை நான் கவனிக்கவில்லை. சிலபஸில் அது இல்லை.

தேர்வு நாளன்று, கீழ் அறையில் குழாய் ஒழுகித் தரை ஈரமாகக் கிடந்ததால் எங்களை முதல் மாடிக்கு அனுப்பினார்கள். கேள்வி கேட்க வேண்டிய தெரபிஸ்ட் அன்றைக்கு லீவு. அவருக்குப் பதில் பதிவேடு எழுதும் குமாஸ்தா கேட்டார். தாளைவிட்டுத் தலையைத் தூக்கவே இல்லை. எதிரே உட்கார்ந்திருந்தது மனிதரா, மூட்டையா என்று பிறகு கேட்டிருந்தால் அவருக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. மாமா விடைகளை மழைபோலக் கொட்டினார். நான் கதவோரம் நின்று வாயசைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வாரத்தில் கடிதம் வந்தது. முப்பதுக்கு இருபத்தொன்பது. நான் மார்க்கை மட்டும்தான் பார்த்தேன். கத்திவிட்டேன். பெரியப்பா வந்து மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். போன ஒரு மார்க் எங்கே போனது என்று பார்த்தால், எந்த மாடி என்ற கேள்வி. முதல் மாடியில் உட்கார்ந்துகொண்டு தரைத்தளம் என்றிருக்கிறார். “இவ்வளவு படிச்சு இதுல விட்டுட்டீங்களே மாமா” என்று அவரைக் கடிந்துகொண்டேன். படியேறி மேலே போனதையே கணக்கில் எடுக்காமல், சொல்லிக்கொடுத்ததைச் சொன்ன மனிதர். அவருடைய வியாதி முழுவதும் அந்த ஒரு மார்க்கில் இருந்தது. குமாஸ்தா அதைக் கழித்தார், நான் அதற்குத் திட்டினேன். இரண்டு பேரும் படித்தவர்கள்.

எட்டாவது படித்த அக்காதான் கடிதத்தை முழுவதும் படித்தாள். மார்க்குக்குக் கீழே இரண்டு வரி இருந்தது. ‘அறிவாற்றல் இயல்பு நிலையில் உள்ளது. மறுவாழ்வுப் பயிற்சி தேவைப்படவில்லை.’

கடிதத்தை மடித்து என் கையில் வைத்தாள்.

“நீ பரீட்ச எழுதி எழுதியே ஆளானவன். உனக்கு எதப் பாத்தாலும் பாஸ் பண்ணணும். இவரு ஃபெயில் ஆக வேண்டியவருடா. அதுக்குத்தான் அங்க போனோம்.”

இத்தனை வருடப் படிப்பில் பதில் தெரியாமல் நான் நின்ற இடம் அது ஒன்றுதான்.

அதற்குள் காரியம் கைமீறியிருந்தது. பெரியப்பா ஊரெல்லாம் சொல்லி, சேதி மாமாவுக்கு வேலை கொடுத்துவந்த கான்ட்ராக்டர் காதுக்கும் போய்விட்டது. அந்த ஆள் ஆஸ்பத்திரிப் பக்கம் ஒருமுறை வந்து எட்டிப் பார்த்ததோடு சரி, பிறகு ஆளைக் காணோம். இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் சிரித்துக்கொண்டு வந்து நின்றார். ஆறு மாடி வேலை ஒன்று இருக்கிறது, திங்கட்கிழமையே வந்துவிடு என்றார். மாமா முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் மறக்க மாட்டேன். கடிதத்தை என் கையிலிருந்து வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அதைத் தட்டிக் காட்டினார்.

“நான் பாஸு மாப்ள. ஆபீஸ்லயே எழுதிக் குடுத்துட்டாங்க. இனி எவனும் என்னை ஒக்கார வெக்க முடியாது.”

விழுந்த நாளிலிருந்து அவருடைய பையை அக்கா அலமாரிக்கு மேலே, பழைய போர்வைகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்தாள். அதனால் கருவியைக் கையில் எடுத்தால் அவர் என்ன செய்வார் என்று எங்களில் யாருக்குமே தெரியாது. அன்று முழுவதும் பையைத் தேடினார். திங்கட்கிழமை காலையில் அக்காவே அதை எடுத்துக் கொடுத்து, “வாங்க, வேலைக்குப் போலாம்” என்றாள். கான்ட்ராக்டர் சொன்ன இடத்துக்குப் போகிற பஸ்ஸில் ஏறவில்லை. மையத்துக்குப் போகிற பஸ்ஸில் ஏறினோம்.

நாங்கள் போய் நின்றதும் குமாஸ்தா தலையைத் தூக்காமலே பதிவேட்டைத் திறந்தார், மூடினார். தேவையில்லை என்று எழுதியாயிற்று, வேண்டுமானால் அடுத்த சேர்க்கைக்கு விண்ணப்பியுங்கள், ஆறு மாதம் ஆகும் என்றார். அந்தத் தேர்வு எதையும் அளக்கவில்லை என்று நான் கொஞ்சம் உயர்ந்த தமிழில் விளக்க ஆரம்பித்தேன்.

“படிச்சவரு நீங்களே இப்படிப் பேசலாமா சார்?” என்றார் அவர். “இருபத்தொம்பது மார்க்கு. எனக்கு வெச்சாலே அவ்வளவு வராது.”

அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பேச்சுச் சத்தம் கேட்டு உள்ளேயிருந்து ஓர் அம்மாள் வந்தார். தேர்வன்று லீவில் இருந்த தெரபிஸ்ட். குள்ளமான உருவம், காலில் ரப்பர் செருப்பு, கழுத்தில் விசில். என் உயர்ந்த தமிழ் அவரிடம் எடுபடவில்லை. அக்கா குறுக்கே புகுந்தாள்.

“கேள்வித்தாள் முன்னாடியே கெடச்சிருச்சுங்கம்மா. மூணு வாரம் உக்கார வெச்சு மனப்பாடம் பண்ண வெச்சுட்டோம். தப்பு எங்களுதுதான். சட்டை போடத் தெரியாதுங்க அவருக்கு. ஆனா நூத்துலேருந்து ஏழக் கழிப்பாரு.”

தெரபிஸ்ட் அம்மா சிரிக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை, அது ஒரு பெரிய உதவி. குமாஸ்தாவின் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். பிறகு மாமாவிடம், என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார்.

“பிளம்பருங்க. இருவத்திரண்டு வருஷம்.” பையைத் தட்டிக் காட்டினார்.

“அப்ப நல்லதாப் போச்சு. இந்த ரூம் குழாய் மூணு மாசமா ஒழுகுது. எழுதிப் போட்டும் ஒருத்தரும் வரல. கொஞ்சம் பாத்துக் குடுங்களேன்.”

குமாஸ்தாவின் மேசைக்குப் பக்கத்திலேயே கைகழுவும் தொட்டி இருந்தது. அதற்கு மேலே சுவரில் அந்தக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. மாமா அதன் முன்னால் போய் நின்றதும் ஆள் மாறிவிட்டார். குனிந்து பார்த்தார். வாஷர் தேய்ந்துவிட்டது, உள்ளே திருகு தண்டும் போயிருக்கலாம் என்றார். பையைத் திறந்து ரெஞ்சு, ஸ்க்ரூ டிரைவர், டேப், புது வாஷர் என்று ஒவ்வொன்றாகத் துண்டில் வரிசையாக அடுக்கினார். ரெஞ்சைப் பிடித்த பிடியில் ஒரு நடுக்கம் இல்லை. நானே ஒரு நிமிடம் நம்பிவிட்டேன், குமாஸ்தா சொன்னதுதான் சரியோ, பெரியப்பா சொன்னதுதான் சரியோ என்று. அக்கா மட்டும் அவருடைய கையைப் பார்க்காமல் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கேள்விக்காகக் காத்திருந்தாள். அந்தக் கேள்வி வரவில்லை.

மாமா குழாயின் தலையைக் கழற்றினார்.

மாடித் தொட்டித் தண்ணீர் முழுவதும் அந்த ஓட்டை வழியாக வெளியே வரத் துடித்ததுபோல இருந்தது. அவருடைய நெஞ்சில் அடித்து, சுவரில் தெறித்து, குமாஸ்தாவின் பதிவேட்டில் இறங்கியது. குமாஸ்தா அப்போதுதான் அன்றைக்கு முதல் முறையாகத் தலையைத் தூக்கினார். மாமா கழற்றிய துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு, நனைந்தபடி, பின்னால் திரும்பி, மூன்று மாடிக்குக் கேட்கும் குரலில் கத்தினார்:

“மெயின் வால்வ மூடாம எவன்டா கை வெச்சது?”

அவர் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். என்னை, குமாஸ்தாவை, கடைசியில் அக்காவை. பிறகு தன் கையில் இருந்த குழாய்த் தலையைப் பார்த்தார். அவர் விழுந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. தான் விழுந்திருக்கிறோம் என்பது அந்த நிமிடம்தான் அவருக்குத் தெரிந்தது என்று நினைக்கிறேன்.

“நான்தானா?” என்றார் அக்காவிடம்.

“ஆமாங்க” என்றாள் அக்கா.

தெரபிஸ்ட் அம்மா ரப்பர் செருப்போடு தண்ணீரில் நடந்துபோய், படிக்கட்டுக்கு அடியில் இருந்த வால்வை மூடிவிட்டு வந்தார். அது எங்கே இருக்கிறது என்று அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. வால்வு இருக்கும் இடத்தைத் தெரிந்துகொண்டுதான் அந்த வேலையைக் கொடுத்திருக்கிறார். மாமாவின் தோளில் ஒரு துண்டைப் போட்டுவிட்டு, நனைந்த பதிவேட்டை உதறிக் குமாஸ்தாவிடம் நீட்டினார்.

“எழுதுங்க. பன்னண்டாவது எடம் இவருக்கு.” பிறகு முதல் முறையாக என்னைப் பார்த்தார். “அந்த இருபத்தொம்பது உங்களோடது தம்பி. வீட்டுக்குக் கொண்டுபோய் ஃபிரேம் போட்டு மாட்டிக்குங்க.”

வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிகச் சரியான மதிப்பீடு அது.

ஆறு மாதமும் மாமா காலை ஒன்பதுக்குப் போய் மாலை நான்குக்கு வந்தார். அக்காவின் வேலை தப்பியது. அங்கே அற்புதம் எதுவும் நடக்கவில்லை. முதல் ஒரு மாதம் சட்டைதான். சட்டை போடுவதை ஆறு படியாகப் பிரித்து எழுதி, அலமாரிக் கதவில் ஒட்டச் சொன்னார்கள். இரண்டாவது மாதம் டீ. சத்தம் அதிகமானால் எழுந்து வேறு அறைக்குப் போக வேண்டும் என்று அவருக்கும், போகிறவரைத் துரத்திக்கொண்டு போகக் கூடாது என்று எங்களுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். இடுப்பில் கயிறு கட்டிய ஒரு சின்ன நோட்டு. எந்த வேலையைத் தொடுவதற்கு முன்னாலும் அதைத் திறக்க வேண்டும், முதல் வரியைச் சத்தமாகப் படிக்க வேண்டும், முடித்ததும் டிக் போட வேண்டும். நோட்டைத் திறக்க மறந்துவிட்டால்? அதற்குத்தான் அதைப் பையின் ஜிப்போடு சேர்த்துக் கட்டினார்கள். இவ்வளவு சின்ன காரியத்தை ஆஸ்பத்திரிக்காரர்கள் அந்த நான்கு பக்கத்தோடு ஐந்தாவது பக்கமாகச் சேர்த்திருக்கலாம்.

குடும்பத்தாருக்கும் சனிக்கிழமைகளில் வகுப்பு இருந்தது. நான்கு வகுப்புக்கும் நான் முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன், பழக்க தோஷம். பெரியப்பா ஒரே ஒரு வகுப்புக்கு வந்தார். அங்கே உட்கார்ந்திருந்த வேறொரு வீட்டு நோயாளியிடம் போய், “என்னைத் தெரியுதா?” என்று கேட்டார். அந்த மனிதருக்குத் தெரியவில்லை. தெரிந்திருக்க நியாயமும் இல்லை. “பாவம், ரொம்ப மோசம்” என்று தலையை ஆட்டிக்கொண்டு வெளியே போனவர் பிறகு வரவில்லை. அந்த வகுப்பு மறுபடி அமைதியானது.

மாமா இனி ஏணி ஏற மாட்டார். அது முடிந்துபோன விஷயம். கான்ட்ராக்டர் வேறு ஆள் பார்த்துக்கொண்டார், அதற்கு அவருக்கு ஒரு நாள்கூட ஆகவில்லை. சாயங்காலம் ஆனால் மாமாவின் மூளை களைத்துவிடும், வார்த்தை குழறும். கோபம் இன்னும் வருகிறது. ஆனால் இப்போது அதற்கு முன்னால் எழுந்து போய்விடுகிறார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் இருந்தேன். பெரியப்பாவும் வந்திருந்தார். வந்த இடத்தில் குளித்துவிட்டுச் சாப்பிட்டுப் போவது அவர் வழக்கம். அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நான் கண்ணாடி முன்னால் முகம் முழுக்க நுரையோடு நின்றிருந்தேன். குழாய் ஒருமுறை இருமியது, நின்றுவிட்டது. சமையலறையிலும் நின்றுவிட்டது. என்ன ஆயிற்று என்று கேட்க வாயைத் திறந்தேன். அக்கா சோப்புக் கையோடு சமையலறை வாசலுக்கு வந்து, பேசாதே என்று விரலைக் காட்டினாள்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் இறங்கி வந்தது. மாமா ஒரு கையில் பையும் ஒரு கையில் நோட்டுமாக உள்ளே வந்தார். சமையலறைக் குழாய் சொட்டுவதை அவரே பார்த்திருக்கிறார். யாரும் சொல்லவில்லை. நோட்டைத் திறந்து, “மெயின் வால்வ மூடியாச்சு” என்று தனக்குத்தானே சத்தமாகப் படித்து, டிக் போட்டார். பத்து மாதமாக அக்கா காத்திருந்த வாக்கியம் அது. அவள் சோப்புக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எரிந்திருக்கும்.

குளியலறைக்குள்ளிருந்து பெரியப்பாவின் குரல் வந்தது. தலை முழுக்க சோப்பாம். கண்ணைத் திறக்க முடியவில்லையாம். தண்ணீர் எங்கே போனது என்று கேட்டார். அடுத்து, வீட்டில் யாருக்காவது அறிவு இருக்கிறதா என்று கேட்டார்.

“ரெண்டாவது வரிய விட்டுட்டீங்க” என்றாள் அக்கா மெதுவாக.

மாமா நோட்டைப் பார்த்தார். விரலை வைத்துப் படித்தார். தலையை ஆட்டிக்கொண்டார். நேராகக் குளியலறைக் கதவுக்குப் போய், இரண்டு தட்டுத் தட்டினார்.

“பெரிய மாமா, ரெண்டு வாளி புடிச்சு வெச்சுக்குங்க. அப்புறம் என்னைத் திட்டக் கூடாது.”

டிக் போட்டுவிட்டு வந்து, துண்டை விரித்து, கருவிகளை வரிசையாக அடுக்கினார். வாஷர் மாற்ற அவருக்கு இருபத்தைந்து நிமிடம் ஆனது. அதுவரை வால்வைத் திறக்க எங்களில் ஒருவரும் மாடிக்குப் போகவில்லை.